வாசலுக்கு வீடியோ அழைப்புமணி: கேமராவுக்கு முன் கம்பியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது: மதுரையில் ஒரு தனி வீடு, அதில் எழுபதைக் கடந்த பெற்றோர் இருவர் மட்டும் இருக்கிறார்கள், தெருவோரம் இரும்புக் கேட், அங்கிருந்து வாசற்கதவு வரை ஏறத்தாழ 25 அடி, மேற்கு பார்த்த கேட் தூணில் பழைய காலிங் பெல் சுவிட்ச் ஒன்று உள்ளது, பெங்களூரில் வேலை பார்க்கும் நீங்கள் அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு வீடியோ டோர்பெல்லை மாட்ட விரும்புகிறீர்கள், எந்த வகையை வாங்கலாம்? கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேமராவின் மெகாபிக்சலையும் சலுகை விலையையும் பார்த்து வாங்கிவிட்டு, தூணுக்கு மின்சாரமும் வைஃபையும் ஒழுங்காக வருமா என்பதைப் பொருத்த வரும் எலெக்ட்ரீஷியனிடம்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, தூணிலிருந்தே தொடங்குகிறேன். எதை வாங்குவது என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

நம் ஊர் வீடுகளில் காலிங் பெல் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக இயங்குகிறது. வெளியே இருக்கும் சுவிட்சுக்கு வருவதும் அதே 230 வோல்ட்தான். அமெரிக்க வீடுகளில் நிலைமை வேறு: அங்கே உள்ளே எங்கோ ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு மின்சாரத்தை 16 வோல்ட் அளவுக்குக் குறைத்து அனுப்புகிறது, வாசல் பொத்தானில் இருப்பது தொட்டாலும் தீங்கில்லாத மின்னழுத்தம். இணையத்தில் காணக் கிடைக்கும் பொருத்தும் முறைக் காணொளிகளில் பெரும்பகுதி அந்த வீடுகளை மனத்தில் கொண்டு எடுக்கப்பட்டவை. ‘பழைய பொத்தானைக் கழற்றுங்கள், இரண்டு கம்பிகளையும் புதிய கருவியில் இணையுங்கள்’ என்று அவற்றில் சொல்லப்படுவதை நம் வீட்டில் அப்படியே செய்தால், 8 முதல் 24 வோல்ட்டுக்கு மட்டுமே தயாரிக்கப்பட்ட கருவி அந்தக் கணமே எரிந்துபோகும். மழையில் ஊறிய தூணில் கை வைத்திருப்பவருக்கு நேரக்கூடியது அதைவிட மோசமானது. எனவே எந்த மாடலாக இருந்தாலும் அதன் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்த அளவைப் படிக்காமல் ஒரு கம்பியையும் தொட விடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெல் சுவிட்சுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று மின்சாரம் வரும் பேஸ், மற்றொன்று பெல்லுக்குத் திரும்பிப் போகும் கம்பி. மின்சுற்றை முழுமையாக்கும் நியூட்ரல் கம்பி தூண் வரை வருவதே இல்லை. ஆகையால் ‘அங்கேயே ஓர் அடாப்டரை வைத்துக்கொள்ளலாம்’ என்ற யோசனையும் புதிய கம்பி இழுக்காமல் பலிக்காது. தூணின் மேல் கேட் விளக்கு இருந்தால் சிலர் அதிலிருந்து மின்சாரம் எடுத்துவிடுவார்கள். விளக்கின் சுவிட்ச் வீட்டுக்குள் இருப்பதால், காலையில் உங்கள் அப்பா விளக்கை அணைக்கும்போது டோர்பெல்லும் சேர்ந்தே அணையும். பகல் முழுவதும் கேமரா ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்கள் பெங்களூரிலிருந்து தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நல்ல வழி, அந்தப் பழைய இரண்டு கம்பிகளையே வேறு வேலைக்குத் திருப்புவது. பெயர் பெற்ற ஓர் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, அந்தக் கம்பிகளின் உள்முனையைப் பெல்லிலிருந்தும் பேஸ் இணைப்பிலிருந்தும் முழுமையாகப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே, கருவி கேட்கும் வகை டிரான்ஸ்ஃபார்மரை அல்லது அடாப்டரைப் பொருத்தி, அதன் குறைந்த மின்னழுத்த முனைகளில் அந்தக் கம்பிகளை இணைத்தால், தூணுக்குப் போவது இனி 12 அல்லது 24 வோல்ட் மட்டுமே. கருவி கேட்பது ஏசியா டிசியா என்பதையும், டிசி என்றால் எது பாசிட்டிவ் எது நெகட்டிவ் என்பதையும் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் உள்முனைப் பெட்டியில் ‘குறைந்த மின்னழுத்தம், 230 இணைக்கக் கூடாது’ என்று மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வரும் வேறோர் எலெக்ட்ரீஷியனுக்கு இது தெரிய வேறு வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு. சில மலிவான மாடல்கள் யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் இயங்குபவை. உள்ளிருந்து தூண் வரை கம்பியின் நீளம் 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகவும் வரவும் 30 மீட்டர், 0.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் இது ஏறத்தாழ 1 ஓம் மின்தடை. கருவி 1 ஆம்பியர் இழுக்கும்போது கம்பியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். தூணை எட்டுவது 4 வோல்ட்டுக்கும் குறைவு. பகலில் ஓடும் கருவி, இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து உயிர்பெறுவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். அதே 5 வாட் கருவி 24 வோல்ட்டில் இயங்கினால் மின்னோட்டம் 0.2 ஆம்பியர் அளவே, இழப்பும் 0.2 வோல்ட் மட்டுமே. தொலைவு கூடக் கூட உயர்ந்த மின்னழுத்தமே நல்லது.

கம்பியே வேண்டாம், பேட்டரியில் ஓடும் மாடலை மாட்டிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் நிழலான தாழ்வாரத்தில் இருக்கும் கதவுக்கும், சுவரில் கை வைக்க வீட்டுக்காரர் அனுமதிக்காத வாடகை வீட்டுக்கும் நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்கள் தூணுக்கு மாட்டேன். அந்தத் தூண் மேற்கு வெயிலில் நிற்கிறது. மதுரையில் கோடையில் காற்றின் வெப்பமே 40 டிகிரியைத் தொடும்போது, நேர் வெயிலில் இருக்கும் கறுப்பு நிறப் பெட்டியின் உட்புறம் அதைவிட வெகுவாகச் சூடேறும். இத்தகைய கருவிகளில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே குறிப்பிடும் உச்சவரம்பு 45 அல்லது 50 டிகிரிதான், லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பத்துக்கே முதலிடம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘ஆறு மாதம்’ என்ற கணக்கும் நாளைக்குச் சில முறை மட்டுமே ஆள் வரும் அமைதியான வாசலை வைத்துப் போடப்படுவது. தெருவைப் பார்க்கும் கேட்டில், போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் கருவி விழித்துக்கொண்டால் அந்தக் கணக்கு சில வாரங்களில் முடிந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மின்னேற்றி மறுபடி மாட்டும் வேலை உங்கள் பெற்றோரின் தலையில் விழும்.

பேட்டரி மாடல்கள் ஆளை உணரும் முறையிலும் நம் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அவற்றின் கேமரா உறக்கத்திலேயே இருக்கும்; பிஐஆர் எனப்படும் வெப்ப உணரி, சுற்றுப்புறத்தைவிட வேறுபட்ட வெப்பமுள்ள உடல் ஒன்று நகர்வதைக் கண்டால்தான் அதை எழுப்பும். எதிர்ச்சுவரும் தார்ச்சாலையும் உடலின் வெப்பத்தை எட்டிவிடும் சித்திரை மாதப் பிற்பகலில் அந்த வேறுபாடு குறைந்துபோவதால், உணரி ஆளைத் தவற விடுகிறது அல்லது தாமதமாக உணர்கிறது. அது விழித்தெழுவதற்குள் கூரியர்காரர் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பார், உங்களுக்குக் கிடைப்பது அவருடைய முதுகு. கம்பி வழியாக மின்சாரம் பெறும் கருவி எப்போதும் விழித்திருப்பதால், படத்தையே ஆராய்ந்து ஆளை அடையாளம் காணவும், நிகழ்வுக்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்துப் பதிவுசெய்யவும் அதனால் இயலும்.

இனி வைஃபை. ரூட்டர் முன்னறையில் இருந்தாலும், இடையில் ஒரு சுவரும் 25 அடி வெளியும் இரும்புக் கேட்டும் இருக்கின்றன. கேட்டின் உலோகத் தகடு அலைகளைத் திருப்பியடிக்கும். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் அலையை உறிஞ்சும். வாங்குவதற்கு முன்பே, உங்கள் உறவினர் எவரையாவது அனுப்பி, கேட்டை மூடிவிட்டு, தூணை ஒட்டிக் கைபேசியைப் பிடித்து, வைஃபை அனலைசர் செயலி ஒன்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் வலிமையைப் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 60 டிபிஎம் (dBm) அளவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 70ஐத் தாண்டிப் போனால், மணி அடித்த பிறகு படம் வருவதற்குள் வந்தவர் போய்விடுவார். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதென்றாலும் சுவரைக் கடப்பதில் பின்தங்கியது. பல டோர்பெல்கள் அதை ஏற்பதும் இல்லை. கைபேசியில் வைஃபை முழுக்கோடு காட்டுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், டோர்பெல்லுக்குள் இருக்கும் ஆன்டெனா கைபேசியினதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது விளம்பரங்களில் நீங்கள் பார்த்த வகையை அல்ல. கேட் தூணில் கேமராவும் பொத்தானும் கொண்ட வெளிப்பகுதி, வீட்டுக்குள் சுவரில் ஏழு அங்குலத் திரை, இரண்டையும் இணைக்கும் கம்பி என்று அமையும் வீடியோ டோர் ஃபோன்தான் அது. ஆனால் உட்திரையில் வைஃபை வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வெளிப்பகுதிக்கு மின்சாரம் போவதும், அதன் படமும் ஒலியும் உள்ளே வருவதும் நான்கு கம்பிகள் வழியேதான். இணையத்தோடு பேசுவது ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் திரை. தூண் வரை வைஃபையை இழுத்துக்கொண்டு போக வேண்டிய தேவையே எழுவதில்லை. பழைய குழாயில் நான்கு கம்பிகள் நுழைய இடமிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சுற்றுச்சுவரின் உட்புறமாகத் தனிப் பிவிசி குழாய் ஒன்றை ஓட்டிவிடலாம். எந்தத் தடிமனுள்ள கம்பியில் எவ்வளவு தொலைவு போகலாம் என்ற அட்டவணை கருவியோடு வரும் கையேட்டில் இருக்கும்.

இதைச் சொல்வதற்கு வைஃபை மட்டும் காரணம் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசித்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், தம் கணவர் ஆல்பர்ட் பிரவுனோடு சேர்ந்து 1966இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் பெற்ற காப்புரிமைதான் இன்றைய வீட்டுக் கேமராக்களுக்கெல்லாம் முன்னோடி. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, படுக்கையறையில் ஒரு திரை, வந்தவரோடு பேச ஒலிவாங்கி, கதவைத் திறக்க ஒரு பொத்தான் என்று அவர் வடிவமைத்தது முழுக்க முழுக்க உள்ளே தனியாக இருப்பவருக்காக. இன்றைய டோர்பெல்கள் பலவும் வெளியூரில் கைபேசியோடு இருப்பவரை முதன்மைப்படுத்துகின்றன. வீட்டுக்குள் இருப்பவர் தன் வாசலில் நிற்பது யாரென்று பார்க்கச் செயலியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, படம் சுழன்று வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்ட பிறகே கைபேசியைப் பார்க்க முடிகிற வயதில் இது எவ்வளவு பெரிய சங்கடம் என்பது உங்களுக்குத் தெரியும். சுவர்த்திரை அப்படியல்ல: மணி அடித்ததும் படம் தானாக வரும், பேசுவதற்கு ஒரே ஒரு பொத்தான். இணையம் நின்றுபோனாலும் அது நிற்காது. திரையின் இணைப்பையும் ஃபைபர் மோடத்தையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் மின்வெட்டிலும் அவர்களுக்கும் உங்களுக்கும் மணி கேட்கும்.

இந்த வகையில் மின்பூட்டைத் திறக்கும் வசதியும் கூடவே வரும். கேட்டுக்கு மின்பூட்டு வைத்து, நீங்கள் பெங்களூரிலிருந்தே திறந்துவிடலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. யாரை உள்ளே விடுவது என்பதை வீட்டில் இருப்பவர்கள் தீர்மானிக்கட்டும். உங்கள் கணக்கு எவர் கையிலாவது சிக்கினால் படம் போவது வேறு, கேட் திறப்பது வேறு.

கேமராவைப் பொறுத்தவரை எண்களைவிட வடிவமே முக்கியம். 1080பி அளவுத் தெளிவு ஒரு முகத்தை நாலைந்தடி தொலைவில் அடையாளம் காணப் போதுமானது. ஆனால் அகலம் கூடிய 16:9 படத்தில் எதிர்வீட்டுச் சுவரெல்லாம் தெரியும், வந்தவர் காலடியில் வைத்த பொட்டலம் தெரியாது. 4:3, 1:1 அல்லது நெடுக்குவாட்டுப் படம் தரும் மாடல்களில் தலை முதல் கால் வரை தெரியும். டபிள்யூடிஆர் அல்லது ஹெச்டிஆர் என்று குறிப்பிடப்படும் வசதி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். மேற்கு பார்த்த கேமராவில் மாலை வெயில் வந்தவரின் முதுகுப்புறமிருந்து அடிக்கும்போது, அது இல்லையென்றால் முகம் கறுப்பு நிழலாகத்தான் விழும். நீர், தூசுத் தடுப்புக்கு ஐபி65 என்ற தரக்குறியீட்டைப் பாருங்கள். அதில் 6 என்பது தூசு நுழையாமையையும், 5 என்பது பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும். கூரையில்லாத தூணில் ஐப்பசி மழைக்கு அதற்குக் குறைந்த எதுவும் போதாது. அதோடு கருவிக்கு மேல் ஒரு சிறிய தகரக் கூரையோ கருவியோடு தனியே விற்கப்படும் மழைமூடியோ இருந்தால் மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும்.

பதிவுகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, சந்தாக் கட்டணத்தை ஐந்தாண்டுகளுக்குப் பெருக்கிக் கருவியின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். சந்தா இல்லையென்றால் பழைய பதிவையே காட்டாத மாடல்கள் உண்டு. டோர் ஃபோனில் மெமரி கார்டு உட்திரையில் இருப்பதால், கேட்டில் இருப்பதை எவரேனும் பிடுங்கிக்கொண்டு போனாலும் அவர் முகம் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும். கார்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் டோர்பெல்லில் திருடனோடு சாட்சியும் போய்விடும். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவுசெய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு மூன்று நாளைக்குள் நிரம்பி, பழையதன் மேல் புதியது எழுதப்படும். ஆள் வரும்போது மட்டும் 20 விநாடி என்று வைத்து, நாளைக்கு 40 முறை பதிவானாலும் 200 எம்பிதான். அதே கார்டு பத்து மாதம் தாங்கும். வாசலுக்கு இந்த இரண்டாவது வழியே போதும்.

பெயர் தெரியாத மலிவுக் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, ஈகென் என்ற நிறுவனம் தயாரித்துப் பல பெயர்களில் விற்கப்பட்ட டோர்பெல்களைச் சோதித்து வெளியிட்ட குறைகள் அதிர்ச்சி தருபவை: வாசலில் நிற்கும் எவரும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, தன் கைபேசியோடு அதை இணைத்துக்கொண்டு, அந்த வாசலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள முடிந்தது, வீட்டு வைஃபையின் பெயர் மறையாக்கம் இல்லாமல் வெளியே போனது. பெரிய நிறுவனம் என்பதும் முழு உத்தரவாதம் ஆகிவிடாது. டோர்பெல் தயாரிக்கும் ரிங் நிறுவனத்தின் பணியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட காணொளிகளைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியபோது, 58 லட்சம் டாலர் செலுத்தி அந்நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஆகவே கருவிக்கென்று வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, ரூட்டரில் தனியாக ஒரு விருந்தினர் வைஃபை ஆகிய மூன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள். உங்கள் தங்கையோ பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமாவோ பார்க்க வேண்டுமானால், கடவுச்சொல்லைச் சொல்லாமல் செயலியில் உள்ள பகிர்தல் வழியாக அவரவர் கணக்குக்கு அனுமதி கொடுங்கள். தேவையில்லாதபோது அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிடலாம்.

எதிர்வீட்டாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கேமரா உங்கள் கேட்டையும் அதன் முன் நிற்பவரையும் பார்க்க வேண்டுமே தவிர, எதிர்வீட்டுத் திண்ணையையோ சன்னலையோ பார்க்கக் கூடாது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஒரே வீட்டில் வெவ்வேறு பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இடையேயான வழக்கொன்றில், ஒப்புதல் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைப்பது அந்த உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. 2023ஆம் ஆண்டின் மின்னணு முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது என்றாலும், அக்கம்பக்கத்துச் சச்சரவுகளுக்குச் சட்டப் பிரிவு தேவைப்படுவதில்லை. ஒலிப்பதிவில் கூடுதல் கவனம் வேண்டும்: இங்கிலாந்தில் 2021இல் ஆக்ஸ்போர்டு கவுண்டி நீதிமன்றம் விசாரித்த டோர்பெல் வழக்கில், படத்தைவிட நெடுந்தொலைவுப் பேச்சுகளைப் பதிவுசெய்ததையே நீதிபதி கடுமையாக எடுத்துக்கொண்டார். செயலியில் பிரைவசி மாஸ்க் என்ற வசதி இருந்தால் எதிர்வீட்டுப் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடுங்கள், மணி அடிக்காதபோது ஒலிப்பதிவை நிறுத்தி வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேமரா இருப்பதை நேரில் சொல்லிவிடுவதே முறை.

பொருத்தும் நாளில், தூணில் துளை போடுவதற்கு முன்பு, வெளிப்பகுதியை டேப்பால் ஒட்டிப் பகலில் ஒரு முறையும் இருட்டிய பின் ஒரு முறையும் படத்தைப் பாருங்கள். தரையிலிருந்து 4 அடி உயரம் பொதுவாகச் சரியாக இருக்கும். தெரு, கேட்டின் உட்புறத்தைவிடத் தாழ்வாக இருந்தால் வந்தவர் நிற்கும் தெருவின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். தூணின் பக்கவாட்டில் வேறொரு சுவர் நெருக்கமாக இருந்தால், இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படத்தின் பாதி வெளுத்துப்போகும். அப்போது சாய்வுப் பட்டை ஒன்றைக் கீழே வைத்து லென்ஸைச் சில டிகிரி திருப்ப வேண்டும். தூணில் டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டியிருந்தால் டிரில்லிங் மெஷினின் ஹேமர் விசையை அணைத்துவிட்டு, அதற்குரிய பிட்டால் மெதுவாகத் துளைக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் டைல்ஸ் விரியும். கருவிக்கும் தூணுக்கும் இடையே மேற்புறமும் இரு பக்கமும் சிலிகான் பூசி, அடிப்புறத்தை மட்டும் திறந்து விட வேண்டும், உள்ளே இறங்கும் நீர் வடிந்து வெளியேற அதுவே வழி. கம்பி வரும் குழாயின் வாயையும் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்புகள் அங்கே குடியேறும். தரவுக்கான கேபிளை 230 வோல்ட் கம்பி ஓடும் குழாயில் நுழைக்க விடாதீர்கள். தூணுக்குப் போகும் மின்சுற்றில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்தச் சாக்கில் அதையும் போட்டுவிடலாம். கேட் விளக்குக்கும் அது காப்பு.

பழைய பெல்லை எறிந்துவிட வேண்டாம். வாசற்கதவருகே ஒரு சாதாரணச் சுவிட்ச் வைத்து அதை அங்கே இயங்க விடுங்கள். கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பக்கத்துவீட்டாருக்கு அது உதவும். பெற்றோரில் எவருக்கேனும் காது மந்தம் என்றால், கூடுதல் மணியொலிக் கருவி ஒன்றைச் சமையலறைப் பக்கமோ படுக்கையறையிலோ வைக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கைபேசி. ஆண்ட்ராய்டில் பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு, டோர்பெல் செயலியைப் பின்னணியில் உறங்க வைத்துவிடும். மணி அடித்து அரை மணி நேரம் கழித்து அறிவிப்பு வருகிறதென்றால் பழி பெரும்பாலும் இதற்குத்தான். அந்தச் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். ஆள் நடமாட்ட அறிவிப்பைக் கேட்டின் முன்பகுதிக்கு மட்டும் எல்லை வரைந்து கொடுங்கள். தெருவில் போகும் ஒவ்வொரு ஆட்டோவுக்கும் கைபேசி அதிர்ந்தால், ஒரே வாரத்தில் நீங்களே அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். இரவில் பூச்சிகளும், அவற்றைத் தேடி வரும் சிலந்தியின் வலையும் அகச்சிவப்பு ஒளியில் பளிச்சென்று மின்னி வீண் அறிவிப்புகளைக் கிளப்பும். மாதம் ஒரு முறை ஈரத்துணியால் லென்ஸைத் துடைக்க வேலைக்கு வருபவரிடம் சொல்லி வைத்தால் போதும். மென்பொருள் புதுப்பிப்பை நள்ளிரவுக்கு வைத்துவிடுங்கள், தபாலும் பாலும் வரும் நேரத்தில் கருவி தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.